வளைவில் ஒரு குரல் அதிகம்

1. திட்டு வாங்கிய ஆள்

அந்த வளைவுக்கு நான் போன முதல் நாளே ஓர் ஆளைத் திட்டினேன். திட்டியது எந்த ஆளை என்பதுதான் பிறகு பெரிய பிரச்சினையாகிவிட்டது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. திருவனந்தபுரம் வரைக்கும் மீட்டர் கேஜ் பாதையை பிராட் கேஜாக மாற்றி முடித்திருந்தோம். மெயின் லைன் அகலமாகிவிட்டது. பேட்டை ஸ்டேஷனைத் தாண்டிப் பிரிந்து விமானத்தளத்து எண்ணெய் டிப்போவுக்குப் போகும் சைடிங் மட்டும் பழைய அகலத்திலேயே, எதோடும் ஒட்டாமல் கிடந்தது. டாங்கி வேகன் உள்ளே வர வழியில்லை. விமானத்துக்கு வேண்டிய எண்ணெய் லாரியில் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சைடிங்கை அகலப்படுத்தி மெயின் லைனோடு சேர்ப்பதுதான் வேலை. எனக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் வேலை நடுவிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஏன் போனார் என்று நான் விசாரிக்கவில்லை. கரமனையில் வீடு, பேட்டையில் வேலை, மத்தியானம் வீட்டுச் சாப்பாடு என்ற ஆசையில் ஓடிப்போய்ச் சார்ஜ் எடுத்துக்கொண்டேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போட்ட பாதை இடமோ வலமோ விலகியிருந்தால் அதை நகர்த்தி நேராக்குவதற்கு ஸ்லூயிங் என்று பெயர். இன்றைக்கு மெஷின் செய்கிறது. அன்றைக்குக் கேங்மேன்கள்தான். வரிசையாக நின்று தண்டவாளத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் நெம்ப வேண்டும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் பாதை அசையாது. அதனால் கேங்கின் தலைவரான மேட் குரல் கொடுப்பார், ஆட்கள் பதில் குரல் கொடுப்பார்கள்.

மேட்டின் பெயர் பலவேசம். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. உடம்பு ஒல்லி, தொண்டை மட்டும் பத்து ஆளுக்குச் சமம்.

"கைய வை!"

"வச்சாச்சு!"

"சேந்து தள்ளு!"

"தள்ளியாச்சு!"

இரண்டாம் தடவைதான் கவனித்தேன். எல்லோரும் சொல்லி முடித்து ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, இன்னொரு குரல் தனியாக "வச்சாச்சு" என்றது. இளம் வயதுக் குரல். எந்த அவசரமும் இல்லாத குரல்.

எனக்குச் சோம்பேறிகளைக் கண்டால் ஆகாது. "யாருய்யா அது? ஊரே சொல்லி முடிச்சப்பறம் உனக்கு மட்டும் என்ன தனிக் கச்சேரி?" என்று கத்தினேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் தங்கையா என்பவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. நெருங்கி நிற்கச் சொன்னேன். யாரும் நகரவில்லை. பலவேசம் மட்டும் லேசாகச் சிரித்தார்.

"அவன் அப்படித்தான் ஐயா. என்னைக்கு நேரத்துக்குச் சொல்லிருக்கான்!"

"அவன்னா எவன்?"

"எந் தம்பி, இசக்கி."

"சாயங்காலம் அவனை என்னை வந்து பாக்கச் சொல்லும்."

பலவேசம் விசிலை ஊதினார். ஆட்கள் கடப்பாரையை உருவிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்கள். தங்கையா மட்டும் தயங்கி நின்று என் பக்கத்தில் வந்தான். மார்த்தாண்டத்துக்காரன், நிதானமான ஆள்.

"ஐயா, இசக்கியக் கூப்பிட முடியாது. ஐப்பசி மழையில செத்துப் போயாச்சு. இதே வளைவுலதான். நெம்பிட்டு நிக்கும்போது அவன் கால் வச்ச புதுமண்ணு அப்படியே இடிஞ்சு தோட்டுக்குள்ள போச்சு. மறுநாள் வள்ளக்கடவுப் பக்கம் கிடைச்சான். அவன் பிடிச்சிருந்த கடப்பாரை கிடைக்கல்ல."

அவன் காட்டிய பக்கம் பார்த்தேன். கரைக்குக் கீழே தோடு, அந்த ஊர்க் கால்வாய். தண்ணீர் தெரியாதபடி மேலே பாயல் என்கிற பச்சை நீர்ப்பாசி படர்ந்து மூடியிருந்தது. ஒரு கல்லை எறிந்தேன். பாயல் திறந்து கல்லை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஏன் எறிந்தோம் என்று இருந்தது.

2. விஞ்ஞான விளக்கம்

மறுநாளே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். டிப்போ மதிலுக்குள் புதிதாக ஓர் எண்ணெய் டாங்கி எழுப்பியிருந்தார்கள். இரும்பு, ஆளுயரத்துக்கு எத்தனையோ மடங்கு, உள்ளே காலி. ஆட்களைக் கூட்டி நிறுத்திக் கையைத் தட்டிக் காட்டினேன். டாங்கி அந்தத் தட்டலைத் திருப்பி அனுப்பியது.

"கேட்டேளா? எதிரொலி. நீங்க சொல்றதைத்தான் அது திருப்பிச் சொல்றது. இதுக்குப் போய் வரிசையில இடம் விட்டுண்டு நிக்கறேளே!"

மரியாதையாகத் தலையாட்டினார்கள். போய் வரிசையில் நின்றார்கள். அதே இடத்தில் அதே இடைவெளி.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவியிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்னா, எதிரொலின்னா எல்லார் குரலும்னா சேந்து திரும்பி வரணும்? ஒருத்தர் குரல் மட்டும் எப்படி வரும்?"

"நீ ரசத்தை விடு" என்றேன்.

ஆனால் கேள்வி என்னோடு சைடிங்குக்கு வந்துவிட்டது. இன்னொன்றும் உறுத்தியது. கைதட்டல் திரும்பி வந்தது டாங்கிப் பக்கமிருந்து. அந்தப் பிந்திய குரல் வருவது தோட்டுப் பக்கமிருந்து. ஒருநாள் ஆட்கள் சாப்பிடப் போனபின் வளைவில் தனியாக நடந்தேன். நெம்பிய இடத்திலெல்லாம் ஜல்லியில் கடப்பாரை இறங்கிய குழி இருக்கும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் நிற்காத அந்த இடத்திலும் ஒரு குழி இருந்தது. மற்றவற்றைப்போலவே ஆழமாக இருந்தது.

பலவேசம்தான் செய்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். நடுமத்தியான வெயில். குனிந்து அதில் விரலை விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. விடவில்லை.

3. நடக்கிற பாதை

அதற்குள் வேறு தலைவலி வந்தது. வளைவு நின்ற இடத்தில் நிற்கவில்லை. சாயங்காலம் நூல் பிடித்துச் சரிபார்த்துவிட்டுப் போவேன். மறுநாள் வெயில் ஏறியதும் பாதை தோட்டுப் பக்கம் பிதுங்கியிருக்கும். திரும்ப ஸ்லூயிங். திரும்ப அந்தக் குரல். மறுநாள் மறுபடியும் பிதுங்கல். அதுவும் இசக்கி விழுந்த இடத்துக்கு நேரேதான். ஆட்கள் பயந்துவிட்டார்கள். அவன் இழுக்கிறான் என்றார்கள். இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆள் குறைந்தும் பாதை முன்னைவிட லேசாக நகர்ந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

அசிஸ்டன்ட் இன்ஜினீயர் குரூப் சார், மலையாளி, டிராலியில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், ஆனால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"எந்தா ஸ்வாமி இது? நம்முடெ லைன் தினவும் தோட்டிலோட்டு நடக்குவா? திங்களாழ்ச்ச டிரையல் எஞ்சின் வரும். அதும் கூடெ நடந்நு போகும், கேட்டோ!"

"பாக்கறேன் சார்."

"பாத்தா போரா. இனி ஒரு தடவ வளஞ்ஞா, ஆ மேட்டினெ ஞான் சஸ்பெண்ட் செய்யும். கேங்கினெ பிரிச்சு விடும்."

அவர் கோபப்பட்டதில் தப்பில்லை. எஞ்சின் என்றால் டிரைவர், பயர்மேன், பிடித்துக்கொண்டு தொங்கும் பாயின்ட்ஸ்மேன். வளைவு பிதுங்கியிருக்கும் நேரத்தில் அது ஏறினால் நேரே தோடுதான்.

நான் யோசித்தேன். வெயிலில் தண்டவாளம் நீளும். வளைவில் நீள இடமில்லாமல் வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தாங்கிப் பிடிப்பது தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளின் நுனிக்கு வெளியே குவித்திருக்கும் ஜல்லி. தோள் ஜல்லி என்போம். அது இருந்தால் பாதை பிதுங்காது. லோகோ ஷெட்டில் நிலக்கரிக் குவியல்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து வைப்பார்கள், யாராவது அள்ளினால் வெள்ளை கலைந்து காட்டிக்கொடுக்கும். சனிக்கிழமை ஆட்கள் போனபின் அதே வித்தையை அந்தத் தோள் ஜல்லிமேல் செய்தேன். மறுநாள் காலை அந்த ஓர் இடத்தில் மட்டும் வெள்ளையைக் காணோம். கறுப்பு ஜல்லி, அதுவும் பாதிதான் இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. ஜல்லியைக் கூடையில் அள்ளிக் கொட்ட வேண்டிய கஷ்டம் பேய்க்கு எதற்கு? இது மனுஷன் வேலை. ஆட்களை விட்டுத் தோளை நிரப்பிவிட்டு, யார் என்று பிடிக்காமல் விடுவதில்லை என்று வீட்டுக்குப் போனேன்.

4. விடியற்காலை

திங்கட்கிழமை, எஞ்சின் வரவேண்டிய நாள். கிழக்கு வெளுக்கும் முன்பே கரமனையிலிருந்து சைக்கிளை மிதித்தேன். பேட்டையில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாதையோரமாக நடந்தேன். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று. பாயல்மேல் வெள்ளையாகப் பனி நின்றது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

வளைவில் பலவேசம் இருந்தார். தோள் ஜல்லியைக் கூடையில் அள்ளி உள்பக்கம் கொட்டிக்கொண்டிருந்தார். ஒளிந்து செய்கிற பதற்றம் இல்லை. தினசரி வேலைபோல நிதானமாகச் செய்தார். முடித்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்தார். தோட்டைப் பார்த்து நின்றார்.

கூப்பிடப்போகிறார் என்று தெரிந்தது. டாங்கி எதிரொலியை இன்றைக்கு நன்றாகக் கேட்டுவிடலாம் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

ஆனால் அவர் கத்தவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பும்போது பேசுவோமே, அவ்வளவு மெல்லிய குரலில் சொன்னார்.

"கைய வை."

அந்தச் சத்தம் டாங்கிவரை போகவே போகாது. போனாலும் "கைய வை" என்றுதான் திரும்ப வேண்டும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு பனிக்குக் கீழே, பாயலுக்கும் கீழே இருந்து வந்தது.

"வச்சாச்சு."

பக்கத்திலிருந்த சிக்னல் கம்பத்தை நான் பிடித்துக்கொண்டேன். பலவேசம் குந்தி உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியாலே? குளிருதாலே இசக்கி?"

பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. என் செருப்பு ஜல்லியில் சறுக்கியது. திரும்பிப் பார்த்தார். ஓடவில்லை.

"வேற என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டான் ஐயா" என்றார். "வேலைக்குக் கூப்பிட்டாத்தான் வாரான்."

5. முடிக்காத வேலை

எனக்குப் பயம் போகாமலே கோபம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் வரப்போகிறது, வெயில் ஏறினால் மூன்று பேர் தோட்டுக்குள் போவார்கள், இந்த மனுஷர் ஜல்லியை அள்ளிக் கொட்டிவிட்டு நிற்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எஞ்சினுக்கு முன்னால வழக்கம்போலச் சரி பண்ணிருப்பேன் ஐயா. யாரையும் கொல்லணும்னு எனக்கு இல்ல."

"அப்போ எதுக்குய்யா இது?"

"வளைவு நின்னுட்டா கேங்க வேற ஊருக்கு அனுப்பிருவிய. அப்பன் ஆத்தா இல்லாத பயல நாந்தான் தூக்கி வளத்தேன். நாந்தான் இந்த வேலைக்கும் கூட்டிட்டு வந்தேன். நாங்க போயிட்டா அவன இங்க யாரு கூப்பிடுவா?"

அதற்குள் தங்கையாவும் மற்றவர்களும் வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். கவிழ்ந்த கூடையையும் குறைந்த ஜல்லியையும் பார்த்தார்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தங்கையாதான் பேசினான்.

"மேட்டே, இனியாவது சொல்லிப் போடும்."

"முடியாது" என்றார் பலவேசம்.

"எதைச் சொல்லணும்?" என்று கேட்டேன்.

தங்கையா சொன்னான். கேங்கில் ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும் மேட் "கைய எடு" என்று குரல் கொடுப்பார். ஆட்கள் "எடுத்தாச்சு" என்பார்கள். அந்தக் குரல் வரும்வரை யாரும் கடப்பாரையிலிருந்து கையை எடுக்கக்கூடாது. ஒருவன் முன்னால் விட்டால் பாரம் மற்றவன்மேல் விழுந்து, கடப்பாரை எகிறித் தாடையைப் பெயர்த்துவிடும். எந்த மேட் கை வைக்கச் சொன்னாரோ, அவரேதான் எடுக்கவும் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

"அன்னைக்கு மண்ணு இடிஞ்சதும் எல்லாரும் போட்டது போட்டபடி தோட்டுக்குள்ள சாடிக் குதிச்சோம் ஐயா. மேட்டு சொல்லல்ல. அதுக்கப்புறமும் இன்னைக்குவரை அவரு அதைச் சொல்லல்ல. விசில் ஊதித்தான் முடிக்காரு. எங்களுக்குத் தெரியும், எதுக்குன்னு."

அத்தனை பேரும் பலவேசத்தைப் பார்த்தார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சொன்னா போயிருவான்லே" என்றார். குழந்தை அடம்பிடிப்பதுபோல இருந்தது.

இதில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐப்பசியில கடப்பாரையில வச்ச கை ஓய் அது! மாசி பாதி போயாச்சு. இன்னும் எத்தனை நாள் அந்தப் பிள்ளையை நெம்பிண்டே நிக்கவெப்பீர்? உம்ம தம்பிக்குக் கை வலிக்காதா?"

பலவேசம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். காய்த்துப்போன கைகள். கட்டை விரலால் ஒரு கையை மெல்லத் தடவினார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கூடையை எடுத்தார். அள்ளிய ஜல்லியைத் தன் கையாலேயே திரும்பக் கொட்டித் தோளை நிரப்பினார். யாரையும் உதவிக்கு விடவில்லை. பிறகு, ஜல்லி அள்ளியதில் லேசாக விலகியிருந்த பாதையை நெம்ப ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இடைவெளியை நான் நெருக்கச் சொல்லவில்லை.

"கைய வை!"

"வச்சாச்சு!"

ஒரு மூச்சு கழித்து அந்தக் குரல் வந்தது.

"சேந்து தள்ளு!"

"தள்ளியாச்சு!"

அதற்கும் பின்னால் வந்தது. பாதை நூல் பிடித்த கோட்டில் போய் உட்கார்ந்தது. பலவேசத்தின் கை பழக்கத்தில் விசிலுக்குப் போனது. எடுத்து வாயருகே கொண்டுபோனவர், மடியில் செருகிக்கொண்டார். வாயைத் திறந்தார். ஆட்கள் கடப்பாரையைப் பிடித்தபடி, தோள் நடுங்க, அப்படியே நின்றார்கள். ஒருவனும் கையை எடுக்கவில்லை.

"கைய எடு" என்றார். பத்து ஆள் தொண்டை அன்றைக்கு அரை ஆள் தொண்டையாக இருந்தது.

"எடுத்தாச்சு!"

எல்லோரும் தோட்டைப் பார்த்தோம். ஒரு மூச்சு கழிந்தது. இன்னொரு மூச்சு. பாயல் அசையவில்லை. ஒன்றும் வரவில்லை. தங்கையா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். பலவேசம் தண்டவாளத்தில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"இன்னைக்குத்தாம்லே எல்லாரோடயும் சேந்து சொல்லிருக்கான்" என்றார்.

முற்பகலில் எஞ்சின் வந்தது. நல்ல வெயில். வளைவு இம்மியும் அசையவில்லை. குரூப் சார் இறங்கி வந்து, "இப்போ எந்து செய்து ஸ்வாமி?" என்று கேட்டார். தோள் ஜல்லி போதாமல் இருந்தது, நிரப்பியாச்சு என்றேன். பொய்யில்லை. மீதியைச் சொல்லியிருந்தால் பலவேசத்துக்கு வேலை போயிருக்கும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. அதற்கப்புறம் என் பொறுப்பில் எங்கே விபத்து நடந்து வேலை பாதியில் நின்றாலும், விசாரணை, ரிப்போர்ட் எல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று, அந்த இடத்தில் மேட்டை நிறுத்தி வேலையை முறையாக முடிக்கச் சொல்லாமல் நான் திரும்பி வந்ததில்லை. சின்ன வயது ஆபீசர்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உங்களுக்கு மெஷின் வந்துவிட்டது, கூப்பிட ஆளில்லை. இருந்தாலும் செய்யுங்கள். போனவருக்குக் கேட்குமா என்று எனக்குத் தெரியாது. கூட நின்றவர்களுக்குக் கேட்க வேண்டும்.

பலவேசம் ரிடையர் ஆகும்வரை என் செக்‌ஷனில்தான் இருந்தார். பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எங்கே வேலை நடந்தாலும் சாயங்காலம் "கைய எடு" என்று குரல் கொடுப்பார். ஆட்கள் பதில் சொன்னபின் ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பார். நாங்களும் நிற்போம். ஒன்றும் கேட்காது. பிறகு வீட்டுக்குக் கிளம்புவோம்.